மங்கோலிய இசை: இரண்டே தந்திகள், ஒரே தொண்டை. இதில் நம்மைப் பிடித்து நிறுத்துவது எது?

வெண்ணிலவன்:
அனைவருக்கும் வணக்கம். ஆறு மாதமாக மனத்தில் கிடக்கும் கேள்வி இது. இரவுப் பணி முடிந்து பஸ்ஸில் வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். கைப்பேசியில் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தானாக ஓடத் தொடங்கியது. ஒரு பெண் குரல், பின்னால் ஒரே ஒரு வில் கருவி. ஒரு சொல்கூடப் புரியவில்லை. தாளம் என்று எதுவும் கைக்கு அகப்படவில்லை. ஆனாலும் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டேன்.

பிறகு தேடியதில் அது மங்கோலியாவின் 'உர்ட்டின் தூ' என்று தெரிந்தது. உர்ட் என்றால் நீளம், தூ என்றால் பாட்டு. நெடும்பாட்டு என்று சொல்லிக்கொள்ளலாம். கூட ஒலித்த கருவி மொரின் ஹூர், குதிரைத் தலை செதுக்கிய இரண்டு தந்திக் கருவி.

இந்த இசையைப் பற்றி எழுதுகிற எல்லாரும் 'பரந்த புல்வெளியின் இசை' என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அந்த விடை போதவில்லை. புல்வெளி எத்தனையோ நாடுகளில் இருக்கிறது. ஒலிக்குள்ளேயே ஏதோ இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சுருதிப்பெட்டி:
நல்ல கேள்வி தம்பி. நான் வீணை சொல்லிக்கொடுப்பவள். மங்கோலிய மொழி எனக்குத் தெரியாது. காதில் விழுவதை வைத்துச் சொல்கிறேன்.

தம்புராவை நன்றாகச் சுருதி சேர்த்து, ஜீவா நூலைச் சரியான இடத்தில் நகர்த்தினால், யாருமே மீட்டாத ஒரு சுரம் மேலே மிதந்து வரும். அந்தர காந்தாரம். மந்தர சட்ஜத் தந்திக்குள்ளேயே ஒளிந்திருக்கும் ஐந்தாவது மேற்சுரம் அது. (ஒரு தந்தி அதிரும்போது அடிச்சுருதியோடு சேர்ந்து மெல்லிதாக எழும் சுரங்களைத்தான் மேற்சுரம் என்கிறேன்; எண்ணும்போது அடிச்சுருதியே முதலாவது.) நாம் அதைக் கேட்டு, 'தம்புரா பேசுகிறது' என்று மகிழ்ந்து, அதன் மேல் பாடத் தொடங்குகிறோம். மங்கோலியர்கள் அந்த ஒளிந்திருக்கும் சுரங்களையே பாட்டாக ஆக்கிவிட்டார்கள். அதன் பெயர் ஹோமீ. அந்தச் சொல்லுக்கே தொண்டை என்றுதான் பொருள்.

பாடுகிறவர் தொண்டையை இறுக்கி ஒரே சுருதியை நீளமாகப் பிடிக்கிறார். அது அசையாது. நாக்கையும் உதட்டையும் வாய்க்குள் இருக்கும் இடத்தையும் மாற்றி மாற்றி, அந்த ஒரு சுருதியின் மேற்சுரங்களில் வேண்டியதை மட்டும் பெரிதாக்குகிறார். சீழ்க்கை போல மேலே ஒரு மெட்டு வருகிறது. மோர்சிங் வாசிக்கிறவர்களைப் பாருங்கள். நாக்கு ஒன்றுதான், அதிர்வு ஒன்றுதான். வாய்க்குள் செய்கிற மாற்றத்தில் எத்தனை நிறம்! அங்கேயும் மோர்சிங்கின் உறவுக் கருவி ஒன்று உண்டு, அமன் ஹூர் என்கிறார்கள். வாய் ஹூர் என்று பொருள்.

இப்போது ஒரு கணக்கு. 6, 8, 9, 10, 12 ஆகிய மேற்சுரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். கீழ்ப் பஞ்சமம், சட்ஜம், சதுஸ்ருதி ரிஷபம், அந்தர காந்தாரம், பஞ்சமம். மோகன ராகத்தில் தைவதம் மட்டும்தான் பாக்கி. 7ஆவது மேற்சுரம் கைசிகி நிஷாதத்துக்குச் சற்றுக் கீழே விழும். 11ஆவது சுத்த மத்திமத்துக்கும் பிரதி மத்திமத்துக்கும் நடுவில் தொங்கும். அவற்றைப் பெரும்பாலும் தொடாமல் தாண்டிப் போகிறார்கள். நம் காது மோகனத்தில் ஊறியது. அதனால்தான் மொழி தெரியாவிட்டாலும் உள்ளே இழுக்கிறது என்பது என் கணிப்பு.

கோபிக்காற்று:
அம்மா சொல்வது ஒலிக்கணக்கு. நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

மங்கோலியாவின் தென்கோபிப் பாலைவனத்தில் ஒரு சுரங்கத்தில் மூன்று ஆண்டுகள் வேலை பார்த்தேன். என்னுடன் வேலை செய்த ஓட்டுநர் ஒரு வசந்த காலத்தில், அவருடைய மாமனார் ஒட்டகம் வளர்க்கிற இடத்துக்கு அழைத்துப்போனார். மாலை நேரம். ஈன்ற தாய் ஒட்டகம் ஒன்று குட்டியை அண்டவிடாமல் உதைத்துக்கொண்டிருந்தது. முதல் ஈற்று, கடினமான ஈற்று என்றார்கள். கோபியில் பாலில்லாமல் போனால் குட்டிக்கு அந்த ஆண்டே முடிவு.

தாயையும் குட்டியையும் அருகருகே கட்டினார்கள். மொரின் ஹூரைத் தாயின் முன் திமிலில் நீல நிறப் பட்டுத்துணியால் மாட்டிவிட்டார்கள். யாரும் வாசிக்கவில்லை. காற்று தந்திகளில் பட்டுத் தானாக முனகியது. ஒட்டகம் காதைத் திருப்பிக் கேட்டது. பிறகு பெரியவர் கருவியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர் மனைவி ஒட்டகத்தின் விலாவைத் தடவியபடி 'ஹோஸ், ஹோஸ், ஹோஸ்' என்று பாடினார். அந்த ஒரு சொல்தான் பாட்டு. ஏறியும் இறங்கியும், மூச்சு வாங்கியும், திரும்பத் திரும்ப. ஒட்டகத்துக்கு 'ஹோஸ்', ஆட்டுக்கு 'தோய்க்' என்று சொல் மாறுமாம்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. குளிர் எலும்பைத் தொட்டது. குட்டியை மடிக்குக் கொண்டுவந்தபோது தாய் விலகவில்லை. அதன் கண்ணிலிருந்து நீர் வழிந்து முகத்து மயிரில் கோடு போட்டிருந்தது. ஓட்டுநர் என் தோளைத் தட்டி அதைக் காட்டினார். அதன் பிறகு யாரும் பேசவில்லை.

வெண்ணிலவன், உங்கள் கேள்விக்கு என் விடை இதுதான். இந்த இசையின் பெரும் பகுதி மனிதரைப் பார்த்து மட்டும் பாடப்பட்டதல்ல. குட்டியை ஏற்காத தாயிடமும், குதிரையிடமும், மலையிடமும் பாடியது. கைதட்டலை எதிர்பார்க்காத குரலுக்கு ஒரு தனித்தன்மை வந்துவிடுகிறது. அதைத்தான் நீங்கள் பஸ்ஸில் கேட்டிருக்கிறீர்கள்.

வெண்ணிலவன்:
கோபிக்காற்று ஐயா, இதை நான்கு முறை படித்துவிட்டேன். ஒட்டகம் உண்மையிலேயே பாட்டைக் கேட்டா அழுதது?

கோபிக்காற்று:
கண்ணில் நீர் வந்ததைப் பார்த்தேன். காரணம் சொல்ல நான் கால்நடை மருத்துவன் இல்லை. குட்டி பால் குடித்ததையும் பார்த்தேன். அந்த வீட்டாருக்கு அதுதான் முக்கியம். 2015இல் யுனெஸ்கோ இந்தச் சடங்கை உடனடியாகக் காப்பாற்ற வேண்டிய மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. ஒட்டகம் வளர்ப்போர் நகரத்துக்குப் போய்விட்டால் யாரிடம் பாடுவது? மங்கோலிய மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் இப்போது தலைநகர் உலான்பத்தாரில் இருக்கிறார்கள்.

மேகலை வாசகி:
நெடும்பாட்டைப் பற்றி ஒரு செய்தி. வெண்ணிலவன் கேட்டது யார் குரல் என்று தெரியவில்லை. ஆனால் இந்த வகையில் முதலில் கேட்க வேண்டியவர் நம்ஜிலின் நொரொவ்பன்சாத். 1931இல் துந்த்கோவி மாநிலத்தில் பிறந்தவர். 1957இல் மாஸ்கோவில் நடந்த உலக இளைஞர் விழாவில் பாடித் தங்கப் பதக்கம் பெற்றார். 1993இல் ஜப்பானின் ஃபுக்குவோக்கா ஆசியப் பண்பாட்டு விருது. 2002இல் மறைந்தார்.

அவர் பாடிப் புகழ்பெற்ற ஒரு பாட்டின் பெயர் 'உயஹன் ஸம்பூ தீவின் நரன்'. உயஹன் என்றால் மென்மையான, நரன் என்றால் கதிரவன். நடுவில் இருக்கும் 'ஸம்பூ தீவ்' எது தெரியுமா? ஜம்புத்வீபம். நம் காப்பியங்கள் சொல்லும் நாவலந்தீவு! பௌத்தத்தோடு பயணப்பட்டு, கோபியைத் தாண்டி, அவர்கள் மொழியில் உலகத்துக்கே பெயராகிவிட்டது. 'தீவ்' என்ற சொல் இன்று அங்கே கண்டத்தைக் குறிக்கிறது. கடலே இல்லாத நாடு, 'தீவு' என்கிற சொல்லை இவ்வளவு காலம் பாட்டில் வைத்துக் காப்பாற்றியிருக்கிறது. இதைக் கண்டுகொண்ட அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

நாவலந்தீவின் மெல்லிய கதிரவன் என்று மனத்தில் வைத்துக்கொண்டு அந்தப் பாட்டைக் கேளுங்கள். நான்கு நிமிடப் பாட்டில் பத்துச் சொல் இருந்தாலே அதிகம். ஓர் உயிரெழுத்தைப் பிடித்தால் மூச்சு தீரும்வரை விடுவதில்லை. அதற்குள் குரல் நடுங்கும், உடையும், சட்டென்று மேலே தாவிப் பொய்க்குரலாகும். அந்தத் தாவலுக்கு 'ஷுரன்ஹாய்' என்று பெயர்.

சுருதிப்பெட்டி:
நாவலந்தீவு! அக்கா, இதை என் மாணவிகளுக்கு நாளைக்கே சொல்லப்போகிறேன்.

நெடும்பாட்டை ஆலாபனையோடு ஒப்பிடத் தோன்றும். எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஆலாபனையில் பாடகர் அந்த நேரத்தில் கற்பனை செய்கிறார். இங்கே மெட்டு பெரும்பாலும் முன்பே அமைந்தது. மூச்சை எங்கே எடுப்பது, நடுக்கத்தை எங்கே வைப்பது என்பதில்தான் பாடுகிறவரின் தனித்திறன்.

இருதந்தி:
நான் சிங்கப்பூரில் இருக்கிறேன். ஐந்து ஆண்டுகளாக மொரின் ஹூர் கற்கிறேன். கருவியைப் பற்றி எழுத என்னை விட்டால் இந்த இழை நீண்டுகொண்டே போகும், இருந்தாலும் எழுதுகிறேன்.

தந்தி என்று நாம் சொல்வது முறுக்காத குதிரைவால் மயிர்க் கற்றை. மரபாகத் தடித்த தந்திக்கு ஆண் குதிரையின் வாலிலிருந்து 130 மயிர், மெல்லிய தந்திக்குப் பெண் குதிரையின் வாலிலிருந்து 105 மயிர். வில்லிலும் குதிரைமயிர்தான். ஆக, மயிர் மயிரோடு உரசுகிறது. வயலினில் ஒரு கம்பியின் மேல் வில் ஓடுகிறது. இங்கே நூறு இழைகளின் மேல் இன்னொரு நூறு இழைகள். அந்தக் கரகரப்பு, அந்த மூச்சுச் சத்தம் எல்லாம் அங்கிருந்துதான் வருகிறது. வயலின் ஆசிரியர்கள் மாணவனிடமிருந்து எதைத் துடைத்தெடுக்கப் பாடுபடுவார்களோ, அதை இங்கே ஆசிரியர் கேட்டு வாங்குகிறார்.

இடக்கையில் இன்னொரு வியப்பு. தந்தியைக் கட்டையோடு சேர்த்து அழுத்துவதே இல்லை. தந்தி கட்டையைவிட்டு எழும்பியே நிற்கும். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நகத்தின் அடிப்பக்கத்தால் பக்கவாட்டில் தொடும். சுண்டுவிரல் தந்திக்கு அடியில் புகுந்து நகத்தால் முட்டும். முதல் மூன்று மாதம் என் நகக்கண்கள் சிவந்தே இருந்தன. இப்போது அங்கே தோல் காய்த்துவிட்டது. கத்தி பிடித்து வேலை செய்கிறவரின் உள்ளங்கை போல.

இரண்டு தந்திகளுக்கும் இடையே ஒரு மத்திம இடைவெளி. பெரும்பாலும் ஒன்றில் மெட்டும் மற்றதில் சுருதியுமாகச் சேர்ந்தே ஒலிக்கும். அம்மா சொன்ன ஹோமீயின் அமைப்பும் இதேதான். கீழே அசையாத ஒன்று, மேலே அலைகிற ஒன்று.

பழையபாட்டு:
இருதந்தி, உங்கள் ஆர்வத்தை மதிக்கிறேன். ஆனால் ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். நீங்கள் வைத்திருப்பது மரப்பலகை முகப்பு உள்ள கருவியாகத்தான் இருக்கும். பழைய ஹூரின் முகப்பில் தோல் போர்த்தியிருக்கும். ஆட்டுத்தோல் அல்லது ஒட்டகத்தோல். 1960களில் சோவியத் வல்லுநர்கள் வந்து மர முகப்பும் வயலின் போன்ற துளைகளும் வைத்தார்கள். சுருதியையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தார்கள். மேடைக்கும் வாத்தியக் குழுவுக்கும் ஏற்ற கருவியாக்கினார்கள். மரபு மரபு என்று நாம் வியக்கிற ஒலி அறுபது ஆண்டு வயதுடையது. இப்போது தி ஹூ போன்ற மங்கோலிய ராக் குழுக்கள் மின்கிட்டார் இரைச்சலோடு கலக்கிறார்கள். அசலைத் தேடுகிறவர்கள் அசலைத் தேட வேண்டும். இல்லையென்றால் நாம் ரசிப்பது ஒரு நகல்.

இருதந்தி:
மர முகப்பு என்பது உண்மை, ஐயா. 'நகல்' என்பதை ஏற்க முடியவில்லை.

தோல் முகப்புள்ள ஹூர் ஒன்றை என் ஆசிரியர் வீட்டில் வாசித்திருக்கிறேன். ஒலி தாழ்ந்தது, கம்மியது, பக்கத்தில் இருப்பவரின் காதுக்குச் சொல்வது போன்றது. எனக்கு அது மிகவும் பிடித்தது. ஆனால் மழை பிடித்ததும் தோல் தொய்ந்து, ஒலி சாக்குக்குள் போய்விட்டது. மிருதங்க வித்துவான்களுக்கு இந்தத் துன்பம் தெரியும். ஒரு கூடாரத்துக்குள் ஏழெட்டுப் பேருக்கு வாசித்த கருவியை ஆயிரம் பேர் அரங்கில் வைத்தபோது ஏதோ ஒன்று மாறித்தான் ஆக வேண்டியிருந்தது. ஆசைப்பட்டு மாற்றியவர்களில் மங்கோலியர்களும் இருந்தார்கள். ஜம்யான் போன்ற பெரிய கலைஞர் தலைமுறைகளுக்குக் கற்பித்தது இந்த மாறிய கருவியில்தான். நகக்கண்ணால் தொடுவதும், மயிர்க் கற்றைத் தந்தியும், வில்லின் மயிரை விரலாலேயே இறுக்கித் தளர்த்துவதும் மாறவில்லை.

கோபிக்காற்று:
தி ஹூவைப் பற்றி நானும் ஒரு வார்த்தை. 2019இல் அவர்களுக்கு நாட்டின் மிக உயர்ந்த விருதான செங்கிஸ் கான் விருதைக் கொடுத்தார்கள். அந்த ஆண்டு எங்கள் சுரங்க முகாமில் இருபது வயதுப் பையன்கள் விடுமுறைக்கு ஊருக்குப் போய், தாத்தாவின் தொவ்ஷூரைக் கேட்டு வாங்கி வந்தார்கள். அல்தாய் மலைப் பக்கத்தில் காப்பியம் பாடும்போது மீட்டுகிற இரண்டு தந்திக் கருவி அது. பரணில் கிடந்ததாம். அந்த இரைச்சல் அதை இறக்கி வைத்தது. அதற்காகவே நான் அவர்களை வாழ்த்துவேன்.

பழையபாட்டு:
பரணிலிருந்து இறங்கியது என்றால் மகிழ்ச்சிதான். 'நகல்' என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன்.

என் கவலை வேறிடத்தில் இருக்கிறது. மேடைக்கு ஏற்றபடி மாற முடிந்த கருவி பிழைத்துக்கொண்டது. மாற முடியாதவை என்ன ஆகின்றன? சூர் என்று ஒரு குழல் உண்டு. மூன்றே துளை. பல்லில் பொருத்தி ஊதும்போதே தொண்டையில் தாழ்ந்த சுருதியைப் பிடிக்க வேண்டும். ஊதுவதும் பாடுவதும் ஒரே மூச்சில். அல்தாயின் உரியாங்ஹாய் மக்களிடம் இருக்கும் மரபு. யுனெஸ்கோ 2009லேயே அதை ஆபத்துப் பட்டியலில் வைத்துவிட்டது. 2011இல் லிம்பே குழலின் சுழல் மூச்சு முறை அதே பட்டியலில் சேர்ந்தது. நெடும்பாட்டுக்கு இடைவெளியே இல்லாமல் துணை போவதற்காக, மூக்கால் இழுத்துக்கொண்டே வாயால் ஊதுகிற பயிற்சி அது. தண்ணீர்க் குவளையில் உறிஞ்சுகுழாய் வைத்துக் குமிழி நிற்காமல் ஊதியும், சுடர் அணையாமல் அதன் மேல் ஊதியும் பழகுவார்கள். இதற்கெல்லாம் மின்கிட்டார் உதவாது. ஒரு பையன் பல ஆண்டுகள் ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும்.

மேகலை வாசகி:
இந்தக் கவலையில் உங்களோடு நான் முழுக்க உடன்படுகிறேன்.

இடையில் ஒரு திருத்தம். இணையத்தில் ஹோமீ என்று போட்டு, ஹூன் ஹூர் தூ குழுவின் பதிவுகளை மங்கோலியா என்றே பலர் குறிப்பிடுகிறார்கள். அவர்கள் துவா நாட்டவர். துவா ரஷ்யக் கூட்டமைப்பில் இருக்கிறது. மொழியும் துருக்கியக் குடும்பம். மலைத்தொடரின் இரு பக்கமும் இதே தொண்டைக் கலை இருக்கிறது. உறவினர்தான், ஆனால் வேறு வீடு. துவாக்காரர் ஒருவரிடம் 'மங்கோலியப் பாட்டு அருமை' என்று சொன்னால் அவர் மனம் சுருங்கும்.

வெண்ணிலவன்:
நன்றி அக்கா, என் சேமிப்பில் பெயரைத் திருத்திவிட்டேன். குதிரைத் தலைக்குப் பின்னால் கதை ஏதாவது உண்டா?

இருதந்தி:
இரண்டு கதைகள். தொலைவில் காவல் பணிக்குப் போன குயில் நம்ஜில் என்ற பாடகனுக்குப் பறக்கும் கருங்குதிரை ஒன்று கிடைக்கிறது, ஜொனோன் ஹர். இரவில் அதன் மேல் பறந்து காதலியைப் பார்த்துவிட்டு விடியுமுன் திரும்புவான். பொறாமை கொண்ட ஒருத்தி அதன் சிறகை வெட்டிவிடுகிறாள். குதிரை செத்துப்போகிறது. அதன் தலையைப் போல மரத்தில் செதுக்கி, தோலைப் போர்த்தி, வால் மயிரைத் தந்தியாக்கி, அதன் கனைப்பையும் நடையையும் வாசிக்கிறான். சீனாவில் உள்ள உள் மங்கோலியாவில் சொல்லும் கதையில் சூஹே என்ற சிறுவனும் அவனது வெள்ளைக் குதிரையும்; அங்கே குதிரையைக் கொல்வது ஓர் இளவரசன்.

இரண்டிலும் கருவி பிறப்பது ஓர் இழவிலிருந்து. என் ஆசிரியர் ஒருமுறை வில்லைத் திருத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு, 'இது மரம் என்று நினைக்காதே' என்றார். வேறு விளக்கம் தரவில்லை.

வீட்டில் ஹூரைக் கண்ட இடத்தில் சாய்த்து வைக்கக் கூடாது என்பார்கள். கூடாரத்தில் கதவுக்கு நேர் எதிரே, மரியாதைக்குரியவர் உட்காரும் வடக்குப் பக்கத்தில் அதற்கு இடம்.

சுருதிப்பெட்டி:
நம் வீட்டிலும் வீணையைத் தாண்டிப் போனால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளச் சொல்வார்கள்.

வெண்ணிலவனுக்குக் கேட்கும் வழி ஒன்று சொல்கிறேன். ஹோமீயை முதலில் கேட்கும்போது எல்லாரும் சீழ்க்கையைத் தேடுவார்கள். நீங்கள் கீழே இருக்கும் சுருதியில் காதை வையுங்கள். அங்கேயே இருங்கள். மேலே இருப்பது தானாக வந்து சேரும். பிறகு ஹர்ஹிரா என்ற தாழ்குரலைக் கேளுங்கள். உண்மையான குரல்நாண்களுக்கு மேலே இருக்கும் போலி மடிப்புகளும் சேர்ந்து அதிர்வதால், பாடுகிற சுருதிக்கு ஒரு ஸ்தாயி கீழே இன்னொரு குரல் எழும். ஒரே தொண்டையில் கிழவரும் பறவையும்.

கோபிக்காற்று:
ஹோவ்த் மாநிலத்தில் சந்த்மானி என்ற ஊர் ஹோமீயின் பிறப்பிடம் என்று பெயர் பெற்றது. பக்கத்தில் ஜர்கலந்த் மலை. புயலுக்கு முன்னால் மலை முனகும், அதைக் கேட்டுத்தான் மனிதன் பாடக் கற்றான் என்று ஊரில் சொல்கிறார்கள். போக வேண்டும் என்று மூன்று ஆண்டும் நினைத்தேன். விடுப்பு கிடைக்கவில்லை. அது ஒரு குறையாகவே இருக்கிறது.

வெண்ணிலவன்:
நேற்று இரவு அறையில் விளக்கை அணைத்துவிட்டு நொரொவ்பன்சாத்தின் அந்தப் பாட்டைக் கேட்டேன். நாவலந்தீவு என்று தெரிந்துகொண்டு கேட்டேன். 'ஸம்பூ' என்ற சொல்லைப் பிடித்துவிட்டேன்! அவர் அதை முடிக்க எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார்! என் மூச்சையும் சேர்த்துப் பிடித்திருந்தேன் போலிருக்கிறது. முடிந்ததும் நெஞ்சு வலித்தது.

அம்மா சொன்ன கணக்கும், ஐயா சொன்ன ஒட்டகமும் எனக்கு இப்போது ஒன்றாகவே தெரிகின்றன. ஒரே ஒரு சுருதியில் இவ்வளவு நேரம் பொறுமையாக இருந்தால்தான் உள்ளே இருப்பது கேட்கும். ஒரே ஒரு சொல்லை ஒரு மணி நேரம் சொன்னால்தான் ஒட்டகமும் திரும்பிப் பார்க்கும்.

இருதந்தி:
தம்பி, கோபிக்காற்று அண்ணன் எழுதியதைப் படித்த அன்றே நான் ஒன்று செய்து பார்த்தேன். எங்கள் வீடு பதினான்காவது மாடி. இரவு பதினொரு மணிக்குக் காற்று எழுந்தது. ஹூரைத் துணியால் கட்டி, மாடத்துக் கம்பியில் பத்திரமாக மாட்டி, ஒரு கை அதன் கழுத்திலேயே இருக்கும்படி நின்றேன். முதலில் ஒன்றும் இல்லை. முகப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினேன். காற்றுக்கு ஏறத்தாழக் குறுக்காக வந்தபோது தடித்த தந்தி எழுந்தது. கையில்தான் முதலில் தெரிந்தது, காதுக்குப் பிறகு வந்தது. அதன் மேலே மெல்லிதாக இன்னொன்று. சுருதிப்பெட்டி அம்மா, அது அந்தர காந்தாரமா என்று நீங்கள்தான் கேட்டுச் சொல்ல வேண்டும்.

கைப்பேசியில் பதிவு செய்திருக்கிறேன். இன்று மாலை இங்கே ஏற்றுகிறேன். முதல் இருபது விநாடிக்குக் கீழே சாலையில் போகும் வண்டிகளின் சத்தம் இருக்கும். அதைத் தாண்டிக் கேளுங்கள்.